ஓட 15 விநாடி. ஓட இடமே இல்லை – வாசகர் கேள்வி பதில்

இஸ்ரேலியர், பாலஸ்தீனர் மோதலை மனக்காயத்தின் பக்கமிருந்து விளக்கச் சொல்லி வந்த கடிதங்களுக்கான பதில்கள் இவை. எல்லைக்கோடு எங்கே, தலைநகர் யாருக்கு என்ற கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் பெயர் வேண்டாம் என்றதால் எல்லோர் பெயரையும் விட்டுவிட்டோம்.

கேள்வி: ஹிட்லர் காலத்தில் அத்தனை கொடுமைப்பட்டவர்கள் யூதர்கள். பட்டவர்களுக்குத்தானே அடுத்தவர் வலி தெரியும்? பிறகு எப்படிக் காஸாவில் இப்படி? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்ற நம்பிக்கை உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. சிலரை அப்படிப் பக்குவப்படுத்தவும் செய்கிறது. ஆனால் உயிராபத்தைப் பார்த்த உடம்பு முதலில் கற்றுக்கொள்வது எச்சரிக்கையை. ஒரே அனுபவத்திலிருந்து இரண்டு பாடம் எடுக்கலாம்: ‘இது யாருக்கும் நடக்கக் கூடாது’, ‘இது எனக்கு இனி நடக்கவே கூடாது’. ஆபத்து தூரத்தில் இருக்கும்வரை இரண்டும் சேர்ந்தே கேட்கும். ஆபத்து வாசலுக்கு வந்தால் இரண்டாவதன் சத்தத்தில் முதலாவது அமுங்கிவிடும்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் காஸாவுக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அறைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றவர்களுக்கு அன்று ஞாபகம் வந்தது 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட ஐரோப்பா. அதே மாதம் 13ஆம் தேதி வடகாஸாவைக் காலிசெய்யும்படி இஸ்ரேல் ராணுவம் உத்தரவிட்டது. மெத்தையைச் சுமந்துகொண்டு தெற்கே நடந்தவர்களுக்கு அது 1948. அந்தப் போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரை இழந்தார்கள். காஸா மக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் அவர்களோ அவர்களின் வாரிசுகளோதான். யூதர்கள் தங்கள் அழிவை எபிரேயத்தில் ‘ஷோவா’ என்கிறார்கள். பாலஸ்தீனர்கள் தங்களுடையதை அரபியில் ‘நக்பா’ என்கிறார்கள். தமிழில் பெயர்த்தால் இரண்டுக்கும் பேரழிவு என்றே எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு திருத்தமும் வேண்டும். இஸ்ரேலிய யூதர்கள் அனைவரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் அல்லர். 1948க்குப் பிறகு ஈராக், ஏமன், மொராக்கோ, எகிப்து போன்ற நாடுகளிலிருந்து சுமார் 8 லட்சம் யூதர்கள் வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் இஸ்ரேலில் குடியேறினார்கள். ஈராக்கிலிருந்து வந்த குடும்பங்களில் பேசப்படுவது போலந்து அல்ல, 1941இல் பாக்தாதில் யூதர்கள் மீது நடந்த ஃபர்ஹூத் படுகொலை.

விளக்கம் வேறு, விலக்கு வேறு. குண்டுவீச்சுக்கு உத்தரவு போடுவது, உணவு லாரிகளை நிறுத்துவது, வீடு புகுந்து சுடுவது, குழந்தையைப் பிணையாகத் தூக்கிச் செல்வது எல்லாம் ஆள் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். பயத்தில் துள்ளும் அனிச்சைச் செயல் என்று அவற்றைச் சொல்ல முடியாது. காயம் இரு பக்கமும் இருப்பதால் பலமும் இரு பக்கமும் சமம் என்று ஆகிவிடாது. காஸாவின் வான்வெளியும் கடலும் பெரும்பாலான எல்லை வாயில்களும் இஸ்ரேலின் கையில்தான் இருக்கின்றன. 2025 அக்டோபர் வரை காஸாவில் 67,000க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. ‘அவர்களுக்கும் பயம்தானே’ என்று இந்த எண்ணைச் சுருக்கிவிடக் கூடாது.

கேள்வி: ராக்கெட்டுக்குப் பயந்து ஓடும் குழந்தை, விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஓடும் குழந்தை. இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதானே? (இளம் தாய்)

பதில்: பயம் ஒன்று. பயத்துக்குள் அந்தக் குழந்தை என்ன செய்ய முடிகிறது என்பதில்தான் பெரிய வேறுபாடு.

காஸா எல்லையருகே இருக்கும் ஸ்தெரோத் நகரில் அபாய ஒலி கேட்டால் பதுங்க 15 விநாடி. டெல் அவிவில் ஒன்றரை நிமிடம். ஸ்தெரோத்தில் பேருந்து நிறுத்தமே கான்கிரீட் அறை. விளையாட்டுத் திடலில் கம்பளிப்பூச்சி உருவத்தில் வண்ணம் பூசிய பதுங்கு குழாய் உண்டு. 1990களிலிருந்து இஸ்ரேலில் கட்டப்படும் புது வீடுகளில் கனமான சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு பாதுகாப்பு அறை சட்டப்படி வேண்டும். இப்படி வளரும் பிள்ளை சீக்கிரம் குளித்துவிட்டு வருவான், கழிவறைக் கதவைத் தாழிட மாட்டான். தெருவில் மோட்டார் சைக்கிள் முறுக்கும் சத்தம் அபாய ஒலியின் தொடக்கம்போல இருக்கும், அதற்கே கால் எழுந்துவிடும். என்றாலும் அந்த உடம்பு ஒரு கணக்கைக் கற்றிருக்கிறது: ஓடினால் பிழைப்பேன்.

காஸாவில் அபாய ஒலி இல்லை, பொதுப் பதுங்கிடமும் இல்லை. தலைக்கு மேல் ஆளில்லா விமானத்தின் ரீங்காரம் உண்டு. அதற்கு அங்கே ‘ஸனானா’ என்று பெயர். சில சமயம் ‘இடத்தைக் காலி செய்’ என்று ஒரு தொலைபேசி அழைப்போ வானிலிருந்து துண்டுச்சீட்டோ வரும். போய்ச் சேர்ந்த இடத்திலும் குண்டு விழுந்திருக்கிறது. 365 சதுர கிலோமீட்டருக்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் ஏறக்குறைய பாதி சிறுவர்கள். இங்கே உடம்பு கற்பது, நான் எது செய்தாலும் ஒன்றுதான் என்பதை. மனநலத்தில் மிக மோசமான பாடம் இதுதான். தன் கையால் எதையாவது செய்ய முடிந்தவரைக் காட்டிலும், கட்டிப்போட்டதுபோல் நின்றவருக்கே காயம் ஆழமாக இறங்குகிறது.

இந்த வேறுபாட்டைச் சொன்னதும், ‘அப்படியானால் ஸ்தெரோத் குழந்தைக்கு ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அக்டோபர் 7 அன்று ராக்கெட்டுக்குப் பயந்து சாலையோரக் கான்கிரீட் அறைகளுக்குள் ஓடிய இளைஞர்கள் மீது, தாக்க வந்தவர்கள் வாசலில் நின்று உள்ளே கையெறி குண்டு வீசினார்கள். ‘ஓடினால் பிழைப்பேன்’ என்ற கணக்கு அன்று அங்கேயும் உடைந்தது.

கேள்வி: காஸா மக்கள் எல்லோருக்கும் பி.டி.எஸ்.டி. என்கிறார்களே, சரியா? (உளவியல் மாணவி)

பதில்: பெயரின் முதல் எழுத்திலேயே சிக்கல் இருக்கிறது. அது ‘பின்’ என்பதைக் குறிக்கிறது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் என்ற நோய்ப்பெயர் 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. வியட்நாமிலிருந்து வீடு திரும்பிய சிப்பாய்களின் நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆபத்து அங்கே முடிந்துவிட்டது, உடம்பு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதுதான் அந்த நோயின் சித்திரம். பாலஸ்தீன மனநல மருத்துவர் சமாஹ் ஜபர் பல ஆண்டுகளாகக் கேட்பது: முடியாத ஆபத்துக்கு ‘பின்’ எது? காஸாவில் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுபவரின் மூளை கெட்டுப்போகவில்லை, சரியாகவே வேலை செய்கிறது.

சொல் விளையாட்டுபோலத் தோன்றலாம். ஆனால் சிகிச்சையே இதனால் மாறும். பயந்த நினைவைப் பாதுகாப்பான அறையில் மறுபடி மறுபடி பேசிப் பழக்கி அடங்கவைக்கும் முறைக்கு அந்த அறை பாதுகாப்பாக இருப்பது முதல் நிபந்தனை. கூடாரத்தில் அது நடக்காது. அங்கே செய்வது முதலுதவி. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டியில் மூன்றே சொல்: பார், கேள், இணை. யாருக்கு உடனடித் தேவை, இடம் பாதுகாப்பானதா என்று பார். அருகே உட்கார்ந்து, அவர் சொல்ல விரும்புவதை மட்டும் கேள். உணவு, மருந்து, தொலைந்த உறவினர் என்று எது தேவையோ அதனோடு இணை.

ஆர்வமுள்ள தொண்டர்கள் தவறும் இடம் இரண்டாவது படி. ‘நடந்ததை எல்லாம் கொட்டிவிடு, பாரம் இறங்கும்’ என்று முதல் வாரத்திலேயே வற்புறுத்துவார்கள். சம்பவம் முடிந்த சூட்டில் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் அந்த முறையால் பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டியதால், வழிகாட்டி அதை வேண்டாம் என்கிறது. சிலருக்கு அது காயத்தைக் கிளறிவிடும். குழந்தைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். பிழைத்த உறவு ஒருவர்கூட இல்லாத காயம்பட்ட குழந்தை என்று எழுத, காஸா மருத்துவமனைகளில் ஐந்து எழுத்துச் சுருக்கக் குறியீடே உருவாகிவிட்டது. அந்தக் குழந்தைக்குக் கேள்வியைவிட, தினமும் அதே நேரத்துக்கு வரும் அதே முகம் முக்கியம்.

காஸாவின் மனநலப் பணிக்கு அடித்தளம் போட்டவர் டாக்டர் இயாத் அல்-சர்ராஜ். 1990இல் அங்கே சமூக மனநலத் திட்டத்தைத் தொடங்கினார், 2013இல் காலமானார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது தந்தைகளைப் பற்றி. 1987இல் தொடங்கிய முதல் இன்டிஃபாதாவின்போது (பாலஸ்தீன மக்கள் எழுச்சி), தன் தகப்பன் சிப்பாய்களிடம் அடிவாங்கி ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பதைப் பார்த்த பையனுக்கு வீட்டின் காவல்காரனே இல்லாமல் போகிறான், அந்த இடத்துக்கு அவன் துப்பாக்கி வைத்திருப்பவனைத் தேடிப்போகிறான் என்று விளக்கினார். தற்கொலைத் தாக்குதலை அவர் நியாயப்படுத்தவில்லை. அடுத்தது எங்கிருந்து வரும் என்று முன்கூட்டிக் காட்டினார்.

கேள்வி: உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்கள் எப்படித் தேறுகின்றன? (வாசகி)

பதில்: சுலபத்தில் தேறுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதற்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயர் வைத்தார். ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பதே தெரியாதபோது துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. பிணைக்கைதிகளின் குடும்பங்கள் சில இதில் இரண்டு ஆண்டு கிடந்தன. இடிபாட்டுக்கு அடியில் பிள்ளையைத் தேடுபவர்களும், இஸ்ரேல் தன்வசம் வைத்திருக்கும் சடலங்களுக்காகக் காத்திருக்கும் பாலஸ்தீனக் குடும்பங்களும் இன்றும் கிடக்கிறார்கள். ‘மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள்’ என்பது இவர்களிடம் பேசவே கூடாத வாக்கியம். பிள்ளையைக் கைவிடச் சொல்வதாகத்தான் அது காதில் விழும். ‘வருவார் என்றும் தோன்றும், வரமாட்டார் என்றும் தோன்றும், இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்’ என்று இடம் விட்டுப் பேசுவதே பாஸ் சொல்லும் சிகிச்சையின் சாரம்.

கேள்வி: மனக்காயம் மரபணுவில் ஏறி அடுத்த தலைமுறைக்குப் போகிறதாமே? (பொறியாளர்)

பதில்: அளவுக்கு மீறி ஊதப்பட்ட செய்தி. அமெரிக்க ஆய்வாளர் ரேச்சல் யெஹூதா குழுவின் பிரபலமான ஆய்வில் யூதப் படுகொலையில் தப்பியவர்கள் 32 பேர், அவர்கள் பிள்ளைகள் 22 பேர். ஒரு மரபணுவின் மேல் இருக்கும் வேதிக்குறியில் வேறுபாடு தெரிந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து இரண்டு மக்களின் வரலாற்றை எழுத முடியாது.

காயம் இறங்கிவர வேறு வழிகள் நிறைய இருக்கின்றன. தட்டில் ரொட்டித்துண்டு மிச்சம் வைத்தால் பதறும் பாட்டி. 1948இல் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவியைப் பேரனிடம் கொடுக்கும் தாத்தா. யாரும் பேசாத ஒரு பெயர். பாடநூல், நினைவுநாள், ஊர்வலம். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: வீட்டில் கற்றதை வீட்டிலேயே வேறு மாதிரியும் கற்றுக்கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் இதைப் பற்றி விவாத மேடை போட்டோம். இருபதே நிமிடத்தில் கூச்சலாகி நிறுத்த வேண்டியதாயிற்று. எப்படி நடத்தியிருக்க வேண்டும்? (விரிவுரையாளர்)

பதில்: விவாத மேடை போட்டதே முதல் பிழை. பட்டிமன்றத்துக்கு வெற்றி தோல்வி வேண்டும். இங்கே தோற்பவர் இழப்பது தன் செத்தவர்களின் மரியாதையை, அதனால் யாரும் தோற்க மாட்டார்கள்.

அமெரிக்க ஆய்வாளர்கள் எமில் புருனோவும் ரெபேக்கா சாக்ஸும் 2012இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குப் பயன்படும். இஸ்ரேலியரையும் பாலஸ்தீனரையும் காணொளி வழியே இணைத்தார்கள். ஒருவர் தன் சமூகத்தின் கஷ்டங்களைச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைக் கேட்டுத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இஸ்ரேலியரின் மனப்பான்மை, கேட்பவராக இருந்தபோது மேம்பட்டது. பாலஸ்தீனரின் மனப்பான்மை, தான் சொல்லி அது கேட்கப்பட்டபோது மேம்பட்டது. ‘இருவரும் அடுத்தவர் நிலையிலிருந்து யோசியுங்கள்’ என்ற சமமான அறிவுரை, பலம் குறைந்த பக்கத்திடம் வேலை செய்யாததற்குக் காரணம் இது. எந்நேரமும் அடுத்தவரின் பாதுகாப்புக் கவலையைக் கேட்டுக்கொண்டே சோதனைச் சாவடி வரிசையில் நிற்பவரிடம் இன்னும் கொஞ்சம் கேள் என்றால் எப்படி? (ஆய்வு அளந்தது மனப்பான்மையை மட்டும். சோதனைச் சாவடி ஒன்றும் அதனால் நகர்ந்துவிடவில்லை.)

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். வட்டமாக 8 முதல் 12 பேர், அதற்கு மேல் வேண்டாம். ஆண்டுகள், எண்கள், வரைபடம் ஆகியவற்றை முந்தைய நாளே தாளில் கொடுத்துவிடுங்கள். உட்கார்ந்த பிறகு அதைப் பற்றிச் சண்டை தொடங்கினால் அன்றைய பொழுது அதோடு சரி. ஒவ்வொருவருக்கும் குறுக்கீடில்லாமல் 5 நிமிடம். அடுத்தவர் தன் கருத்தைத் தொடங்குமுன் முந்தியவர் சொன்னதை அவர் ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஏற்கும்வரை திருப்பிச் சொல்ல வேண்டும். அதில் ‘ஆனால்’ வரக் கூடாது. ‘ஆனால்’ வந்தால் முன்னே சொன்ன அனுதாபம் முழுக்க அழிந்துபோகும். யாராவது விறைத்து உட்கார்ந்தாலோ, பார்வை எங்கோ நிலைத்தாலோ, மூச்சு மேலேறினாலோ அவரிடம் கருத்துக் கேட்காதீர்கள். இடைவேளை விடுங்கள், தண்ணீர் கொடுங்கள். எழுந்து வெளியே போக அனுமதி கேட்கத் தேவையில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும்.

பெற்றோர் வட்டம் என்ற அமைப்பின் பழக்கத்தையும் கவனியுங்கள். 1995இல் தொடங்கியது. இந்த மோதலில் நெருங்கிய உறவை இழந்த இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குடும்பங்கள் 700க்கும் மேல் அதில் உண்டு. பள்ளிகளுக்கு அவர்கள் இருவராகப் போவார்கள், பக்கத்துக்கு ஒருவர். முதலில் இருவரும் தன் இழப்பைச் சொல்வார்கள், கேள்விகள் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு மாதிரி, இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும் பாலஸ்தீனக் கல்வியாளர் சாமி அத்வானும் இரு பக்க ஆசிரியர்களைக் கூட்டித் தயாரித்த வரலாற்றுப் பாடநூல். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பத்தியில் இஸ்ரேலியர் சொல்லும் 1948, மறு பத்தியில் பாலஸ்தீனர் சொல்லும் 1948. நடுப் பத்தியில் வெறும் கோடுகள் மட்டும், மாணவர் எழுத. இரண்டையும் கலந்து ‘நடுநிலையான’ மூன்றாவது வரலாறு எழுத அவர்கள் முயலவே இல்லை. எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து அதைக் கிழித்திருக்கும். இவ்வளவு கவனமாகச் செய்தும் பள்ளிகளில் அதற்கு அதிகாரபூர்வ அனுமதி கிடைக்கவில்லை.

கேள்வி: என் அலுவலகத்தில் ஒரு பாலஸ்தீனரும் ஓர் இஸ்ரேலியரும் இருக்கிறார்கள். என்ன பேசுவது என்றே தெரியவில்லை. (வெளிநாட்டில் பணிபுரிபவர்)

பதில்: முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். இஸ்ரேலியக் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபியர், அவர்களில் பலர் தங்களைப் பாலஸ்தீனர் என்றே சொல்வார்கள். கடவுச்சீட்டை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள்.

‘வீட்டில் எல்லோரும் நலமா?’ என்ற வழக்கமான விசாரிப்பு இங்கே ஆபத்து. ‘இல்லை, ஒன்பது பேர் போய்விட்டார்கள்’ என்று தேநீர் இயந்திரத்தின் முன் நின்று சொல்லவைத்துவிடும். ‘உங்களை நினைத்துக்கொண்டேன். பதில் சொல்ல வேண்டியதில்லை’ என்பது போதும். ஒருவர் தன் சோகத்தைச் சொல்லுமுன் ‘ஹமாஸைக் கண்டிக்கிறீர்களா?’, ‘உங்கள் அரசைக் கண்டிக்கிறீர்களா?’ என்று கேட்பது துக்க வீட்டு வாசலில் நுழைவுச்சீட்டு கேட்பதற்குச் சமம். மே 15 நக்பா நாள், அக்டோபர் 7, இஸ்ரேலின் நினைவு நாட்கள் ஆகியவற்றில் பெரிய கூட்டங்களை வைக்காமல் இருந்தாலே பாதி உதவி. பொது அறைத் தொலைக்காட்சியில் செய்தி ஓடவிடாதீர்கள்.

கேள்வி: பாலஸ்தீனர்கள் எதையும் தாங்கும் மன உறுதி கொண்டவர்கள் என்று படித்தேன்... (மாணவர்)

பதில்: அரபியில் ‘ஸுமூத்’ என்பார்கள், மண்ணை விட்டு நகராத உறுதி. அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது அது பெருமை. வெளியே இருந்து நாம் சொல்லும்போது, ‘அவர்கள் தாங்கிக்கொள்வார்கள்’ என்று கையைக் கழுவும் வசதியாகவும் ஆகிவிடுகிறது.

கேள்வி: ஒரு தலைவர் மனமுருகி மன்னிப்புக் கேட்டால் நிலைமை மாறாதா? (வாசகர்)

பதில்: நம்பிக்கை இருந்தால் மாறலாம். இஸ்ரேலிய உளவியலாளர் ஆரி நாட்லர் அங்கே செய்த ஆய்வு ஒன்றில், பாலஸ்தீனத் தலைவர் இஸ்ரேலியர் துன்பத்துக்கு அனுதாபம் சொல்வதாகக் கேட்ட யூதர்களில், ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவர்கள் இளகினார்கள். நம்பிக்கை இல்லாதவர்களிடம் அந்தப் பலன் இல்லை, ‘இதிலும் ஏதோ சூழ்ச்சி’ என்ற பார்வைதான். நாட்லரும் நூரித் ஷ்னாபெலும் பிறகு காட்டியது இன்னும் நுட்பமானது: பாதிக்கப்பட்டவருக்குத் தேவை இழந்த பலமும் தன் முடிவைத் தானே எடுக்கும் நிலையும். பாதிப்பை உண்டாக்கியவருக்குத் தேவை ‘நீயும் மனிதன்தான்’ என்ற ஏற்பு. இந்த மோதலில் இரு பக்கமும் தன்னை முதல் வகையில் மட்டுமே வைத்துக்கொள்வதால், யாருக்கும் யாரும் எதையும் கொடுக்க முடியாமல் நிற்கிறது.

கேள்வி: காஸா காணொளிகளைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் போய்விட்டது. பார்க்காமல் விட்டால் குற்ற உணர்ச்சி. என்ன செய்ய? (இல்லத்தரசி)

பதில்: 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஓர் ஆய்வு வந்தது. அடுத்த வாரம் தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளில் மூழ்கியவர்களிடம் காணப்பட்ட கடும் மன அழுத்தம், சம்பவ இடத்தில் இருந்தவர்களுடையதைவிட அதிகம். ஆகவே உங்கள் தூக்கமின்மை பலவீனம் இல்லை.

படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், அசையும் படத்தைக் குறையுங்கள். எழுத்தைவிடச் சத்தமும் அசைவும் மனதில் ஆழமாகப் பதியும். தானாக ஓடும் காணொளி வசதியை அணைத்துவிடுங்கள். நாளுக்கு இரண்டு வேளை, 15 நிமிடம், படுக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். முகம் தெரியும் சடலப் படத்தைப் பகிராதீர்கள், அதில் இருப்பவரின் அம்மா அதை உங்கள் வழியாகப் பார்க்க நேரலாம். பார்த்து முடித்ததும் கையால் செய்யக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள்: நன்கொடை, பிரதிநிதிக்கு ஒரு கடிதம், எதுவானாலும். இத்தனைக்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றாலோ, காட்சிகள் கூப்பிடாமலே வந்து நின்றாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பழைய துக்கம் ஏதாவது கூடவே கிளம்பியிருக்கிறதா என்று யோசித்து வையுங்கள். அதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.